தனித்தனியே சிறியதாகத் தெரிந்த காரணிகள்: 1480 கிராம் எடையுடன் பிறந்த ஒரு குழந்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

எத்தனையாவது வாரத்தில் பிறந்திருந்தாலும், 2500 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தையை உலக சுகாதார நிறுவனம் பிறப்பு எடை குறைந்த குழந்தை என்று வகைப்படுத்துகிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 98 லட்சம் குழந்தைகள், அதாவது பிறந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர், இவ்வாறு பிறந்ததாக அந்த நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து மதிப்பிட்டுள்ளன. இந்த எண்ணிக்கைக்குள் இரண்டு வேறுபட்ட நிலைகள் கலந்திருக்கின்றன. நாள் நிறையும் முன்பே பிறந்ததால் எடை குறைந்திருப்பது ஒன்று. கருப்பைக்குள்ளேயே வளர்ச்சி தடைபட்டதால் எடை குறைந்திருப்பது மற்றொன்று. இங்கே பதிவு செய்யப்படும் குழந்தையிடம் இரண்டும் சேர்ந்திருந்தன. இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணமாக இருந்தது.

பாடநூல்கள் வரிசைப்படுத்தும் காரணிகளில் பல இந்தத் தாயிடம் இருந்தன. ஆனால் அவற்றில் எதுவும் தனியாக நின்று எச்சரிக்கை எழுப்பும் அளவுக்குக் கடுமையாக இல்லை. 32ஆவது வாரத்தில் அவர் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிறகே அவை அனைத்தும் ஒரே தாளில் சேர்த்து எழுதப்பட்டன. அந்தத் தாளைப் பார்த்ததுமே இந்தக் கர்ப்பத்தின் போக்கு புரிந்துவிட்டது என்பதால்தான் இந்நிகழ்வை எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை.

பின்னணி

தாய்க்கு வயது 23. இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவமாக, 2400 கிராம் எடையுடன் பிறந்தது. அந்தக் குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது இந்தக் கர்ப்பம் தரித்தது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாயின் உடலிலுள்ள இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் மீண்டும் நிரம்பவும், பாலூட்டலுக்குச் செலவான சத்து ஈடாகவும் அந்தக் காலம் தேவைப்படுகிறது. இவர் முதல் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தபோதே மீண்டும் கருவுற்றார்.

உயரம் 148 செ.மீ. 15ஆவது வாரத்தில் முதல் பரிசோதனைக்கு வந்தபோது எடை 39 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 17.8. கர்ப்பத்துக்கு முன்பும் ஏறக்குறைய இதே எடைதான் இருந்ததாக அவர் கூறினார். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.8 கிராம். இரத்த அழுத்தம் 110/70. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனைகள் அனைத்தும் இயல்பு. கருவின் வயதை அன்றைய ஸ்கேன் உறுதிப்படுத்தியது. பின்னாளில் எடுத்த முடிவுகள் அனைத்தும் அந்தத் தேதியை நம்பியே எடுக்கப்பட்டன. கருவின் வயது உறுதியாகத் தெரியாத கர்ப்பத்தில் குழந்தை சிறியதா, அல்லது தேதிக் கணக்குத்தான் தவறா என்ற கேள்விக்கே வாரக்கணக்கில் நேரம் போய்விடும்.

அவர் பொட்டலம் கட்டும் பணியில் இருந்தார். வேலை நேரம் முழுவதும் நின்றபடியே செய்ய வேண்டிய வேலை. அவருக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. கணவர் வீட்டுக்குள் புகைப்பவர். முதல் பதிவுப் படிவத்தில் "புகைப்பழக்கம்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. தாயைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்தக் கட்டம் தாயைப் பற்றி மட்டுமே கேட்டது. புகையை உள்ளிழுக்கும் மற்றவரின் இரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு கலந்து ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பிறர் விடும் புகையை வீட்டுக்குள் சுவாசிக்க நேரும் கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கும் எடை குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது.

கவனிக்கப்பட்டவை

20ஆவது வார ஸ்கேனில் உறுப்புக் குறைபாடு எதுவும் இல்லை. எடை 40.2 கிலோ. 24ஆவது வாரத்துக்குக் குறிக்கப்பட்ட பரிசோதனைக்கு அவர் வரவில்லை. மூத்த குழந்தைக்குக் காய்ச்சல். வேலையிலும் கூடுதல் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த பரிசோதனை 28ஆவது வாரத்தில்தான் நடந்தது. அப்போது எடை 42 கிலோ, கருப்பையின் உயரம் 26 செ.மீ. கர்ப்பத்தின் பிற்பாதியில் கருப்பையின் உயரம் செ.மீ. கணக்கில் ஏறக்குறைய வாரங்களின் எண்ணிக்கையை ஒட்டியிருக்கும், இரண்டு செ.மீ. வரையிலான வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதே வழக்கம். 26 என்ற அளவு அந்த எல்லைக்குள், ஆனால் அதன் விளிம்பில் இருந்தது.

32ஆவது வாரத்தில் கருப்பையின் உயரம் 28 செ.மீ. எடை 42.6 கிலோ. நான்கு வாரங்களில் 600 கிராம் மட்டுமே கூடியிருந்தது. கர்ப்பத்துக்கு முன் எடை குறைவாக இருந்த பெண்ணுக்கு இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களில் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ கூட வேண்டும். அந்தக் கணக்குப்படி 15ஆவது வாரத்திலிருந்து எட்டு கிலோவுக்கு மேல் கூடியிருக்க வேண்டிய இடத்தில் இவருக்குக் கூடியது 3.6 கிலோ. அன்றே அவர் எங்களிடம் அனுப்பப்பட்டார்.

எங்கள் ஸ்கேனில் குழந்தையின் மதிப்பிடப்பட்ட எடை 1320 கிராம். வயிற்றுச் சுற்றளவு 3ஆம் சதமானத்துக்கும் கீழே, அதாவது அதே வயதுள்ள நூறு கருக்களில் மிகச் சிறிய மூன்றின் அளவில். தலைச் சுற்றளவு ஓரளவு இயல்பாக இருந்தது. பனிக்குடநீர் சற்றுக் குறைவு. தொப்புள்கொடித் தமனியின் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் பரிசோதனையில் அந்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு 95ஆம் சதமானத்தைத் தாண்டியிருந்தது. ஆயினும் இதயம் விரியும் வேளையிலும் ஓட்டம் தொடர்ந்தது. தலை காக்கப்பட்டு வயிறு மெலிந்திருக்கும் இந்தத் தோற்றம், நஞ்சுக்கொடி வழியாக வரும் சத்து போதாதபோது கரு தன் கல்லீரலில் சேமித்ததைச் செலவழித்து, மூளைக்குச் செல்லும் இரத்தத்தைக் காத்துக்கொள்கிறது என்பதைக் காட்டுவது. பெற்றோரின் உடல்வாகினால் மட்டும் சிறியதாக இருக்கும் ஆரோக்கியமான குழந்தையிடம் இந்த ஏற்றத்தாழ்வையும் டாப்ளர் மாற்றத்தையும் பொதுவாகக் காண்பதில்லை. "அம்மா குள்ளம், குழந்தையும் சின்னதாகத்தான் இருக்கும்" என்று குடும்பத்தார் சொன்ன விளக்கத்தை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஹீமோகுளோபின் 9.2 ஆகக் குறைந்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை ஒவ்வொரு முறையும் தரப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. அவற்றைச் சாப்பிட்டாரா என்று செவிலியர் கேட்டபோது அவர் முதலில் தலையசைத்தார், சற்றுப் பொறுத்து, "மாத்திரை போட்டா அன்னைக்கு முழுக்க வயிறு சரியில்ல சிஸ்டர். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு வேலைக்கும் போகணும். அதான் விட்டு விட்டுப் போட்டேன்" என்றார். பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய அட்டைகளில் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமல் இருந்தன. கணுக்காலில் காலணிப் பட்டை பதிந்த தடம் உட்கார்ந்து அரை மணி நேரம் கழிந்த பின்னும் மறையவில்லை. அன்று இரத்த அழுத்தம் 130/84. சிறுநீரில் புரதம் இல்லை.

குடும்பத்தார் இல்லாதபோது, தனியறையில், வீட்டில் அச்சுறுத்தலோ வன்முறையோ உண்டா என்றும் மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்கப்பட்டது. இரண்டும் பிறப்பு எடைக் குறைவுடன் தொடர்புள்ளவை. கேட்டால் ஒழிய வெளிவராதவை. அவர் இல்லை என்றார். களைப்பைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பின்பே தான் சாப்பிடுவதாகவும், வேலை நாளில் மதிய உணவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவதாகவும் அந்தப் பேச்சினூடே தெரியவந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் கேள்வி, உடனே பிரசவம் பார்ப்பதா, காத்திருப்பதா என்பது. 32ஆவது வாரத்தில் 1320 கிராம் எடையுள்ள குழந்தைக்கு வெளியே ஒவ்வொரு வாரமும் ஆபத்து உண்டு. உள்ளே சத்தும் ஆக்ஸிஜனும் குறைந்துகொண்டிருந்தன. இதயம் விரியும் வேளையில் தொப்புள்கொடி ஓட்டம் நிற்காத வரை காத்திருப்பதால் நுரையீரலும் குடலும் முதிரும் என்பதால், வாரம் இருமுறை டாப்ளர், இதயத் துடிப்புப் பதிவு, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றுடன் காத்திருக்க முடிவு செய்தோம். எது நடந்தால் காத்திருப்பை முடிப்பது என்பதையும் அன்றே எழுதிவைத்தோம்: அந்த ஓட்டம் நின்றுபோதல், குழந்தையின் இதயத் துடிப்பில் தொடர்ந்த சரிவு, தாயின் இரத்த அழுத்தம் கட்டுக்கு மீறுதல்.

நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியை அன்றே போட வேண்டும் என்ற கருத்தும் குழுவில் எழுந்தது. அதன் பலன் ஊசி போட்ட ஏழு நாட்களுக்குள் பிரசவமானால்தான் மிகுதி. தேவையில்லாமல் முன்கூட்டியே போட்டுவிட்டால், உண்மையில் வேண்டிய நாளில் அதன் பலன் தேய்ந்திருக்கும். ஆகவே நிறுத்தி வைத்தோம்.

இரத்தசோகைக்கு மாத்திரையைத் தொடர்வதால் பயனில்லை. வயிறு ஏற்காத மாத்திரையைக் கண்டிப்புடன் சாப்பிடச் சொல்வதால் ஹீமோகுளோபின் உயராது. அதற்கான காலமும் குறைவு. எனவே இரும்புச்சத்து நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. உணவைப் பொறுத்தவரை, புரதமும் ஆற்றலும் சமநிலையில் உள்ள கூடுதல் உணவு எடை குறைந்த கர்ப்பிணிகளுக்குப் பயன் தருகிறது என்பதால் அதை ஏற்பாடு செய்தோம். நஞ்சுக்கொடியில் ஏற்பட்டுவிட்ட சேதத்தை அது திருப்பாது என்பதையும் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொன்னோம். சாப்பாட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, பின்னால் குழந்தை சிறியதாகப் பிறக்கும்போது தாயின் மீது பழியாக மாறிவிடும்.

முழு ஓய்வில் படுத்தே இருக்குமாறு நாங்கள் சொல்லவில்லை. அதனால் குழந்தை வளர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் இரத்தம் உறையும் ஆபத்தோ கூடுகிறது. ஆனால் நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையை நிறுத்த வேண்டும் என்று வேலையிடத்துக்கு மருத்துவக் கடிதம் கொடுத்தோம்.

கணவரைத் தனியே அழைத்துப் பேசியது மருத்துவ முடிவுகளுக்கு இணையான முடிவு என்றே கருதுகிறோம். வீட்டுக்குள் புகைப்பது தாயின் இரத்தத்துக்கும் அதன் வழியே குழந்தைக்கும் செல்வதை விளக்கியபோது அவர் வாதாடவில்லை. இதை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். அதுவரை எல்லா அறிவுரைகளும் மனைவியிடமே சொல்லப்பட்டிருந்தன. உணவு நேரம், வேலை, புகை, அடுத்த கர்ப்பத்துக்கான இடைவெளி ஆகிய நான்கிலும் தனியாக முடிவெடுக்கும் நிலையில் மனைவி இல்லை என்பது ஒரே உரையாடலில் தெரிந்துவிடக்கூடியது.

தொடர்ந்து நடந்தவை

33 வாரமும் 4 நாளும் ஆனபோது செய்த டாப்ளரில், இதயம் விரியும் வேளையில் தொப்புள்கொடி ஓட்டம் இல்லாமல் போயிருந்தது. அன்றே இரத்த அழுத்தம் 146/94 ஆக உயர்ந்தது. நான்கு மணி நேரம் கழித்தும் குறையவில்லை. சிறுநீரில் புரதம் வந்தது. உயர் இரத்த அழுத்தமும் குழந்தையின் வளர்ச்சித் தடையும் ஒரே வேரிலிருந்து, நஞ்சுக்கொடிக்குச் செல்லும் கருப்பைத் தமனிகள் சரிவர விரியாததிலிருந்து, கிளைத்தவையாக இருக்கலாம் என்பதால் இது எதிர்பாராததல்ல. உள்நோயாளியாகச் சேர்த்து, இரத்த அழுத்த மருந்தும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகளும் கொடுத்தோம். இதயத் துடிப்புப் பதிவுகள் நன்றாக இருந்ததால் ஸ்டீராய்டு வேலை செய்ய நேரம் கிடைத்தது. 34 வாரம் நிறைந்த நாளில் சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்தது.

எடை 1480 கிராம். அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைகளின் நடு அளவு இரண்டு கிலோவுக்கு மேல். நீளம் 41 செ.மீ., தலைச் சுற்றளவு 30 செ.மீ. பிறந்ததும் அழுதாள். முழு விழிப்புடன் பார்த்தாள். வளர்ச்சி தடைபட்ட குழந்தைகளிடம் அடிக்கடி காணும் பார்வை அது. தொடையிலும் பிட்டத்திலும் தோல் கொழுப்பின்றி மடிந்து தொங்கியது. நஞ்சுக்கொடி சிறியதாகவும், இரத்த ஓட்டம் அற்றுப்போன வெளிறிய திட்டுகளுடனும் இருந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு சிக்கல்கள் வந்தன. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 38 மில்லிகிராமாக இருந்தது; உடல் வெப்பம் 36.2 டிகிரி செல்சியஸ். கல்லீரலில் சேமிப்பும் தோலடியில் கொழுப்பும் இல்லாத குழந்தைக்கு இவை இரண்டும் எதிர்பார்க்கத்தக்கவை. நரம்பு வழியாக குளுக்கோஸ் தொடங்கி, பிழிந்தெடுத்த சீம்பாலைக் குழாய் வழியாகச் சிறு சிறு அளவில் கொடுத்தோம். சர்க்கரை இரண்டாம் நாள் முடிவில் நிலைப்பட்டது.

வெப்பத்துக்கு, மார்போடு மார்பாக அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை உடனே தொடங்க விரும்பினோம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கிய இந்த முறையை, குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தொடங்கினால், 1000 முதல் 1799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளின் முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தாய் அறுவைக்குப் பின் இரத்த அழுத்தக் கண்காணிப்பில் இருந்ததால் முதல் சில மணி நேரத்துக்கு வேறொருவர் தேவைப்பட்டார். கணவரிடம் கேட்டபோது அவர் தயங்கினார். "நான் எடுக்கலாமா டாக்டர்? எங்கிட்ட சிகரெட் வாசனை இருக்குமே" என்றார். துணியிலும் தோலிலும் படியும் புகையின் எச்சம் குழந்தைக்கு ஆகாது என்பது உண்மை. குளித்து, மருத்துவமனைச் சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னோம். அரை மணி நேரத்தில் வந்து அமர்ந்தார். குழந்தையை மார்பில் கிடத்திக் கட்டினோம். ஒரு மணி நேரத்தில் வெப்பம் 36.8 ஆனது. அன்றிலிருந்து அவர் புகைக்கவில்லை என்று மனைவி பின்னர் உறுதிப்படுத்தினார்.

இரண்டாம் நாளிலிருந்து தாயே பெரும்பாலான நேரம் குழந்தையை அணைத்திருந்தார். எடை ஐந்தாம் நாளில் 1370 கிராம் வரை இறங்கி, பன்னிரண்டாம் நாளில் பிறப்பு எடையைத் தொட்டது. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சும் ஒத்திசையத் தொடங்கியதும் குழாயிலிருந்து சிறு கிண்ணத்துக்கும், அதிலிருந்து நேரடியாக மார்புக்கும் மாறினோம். 22ஆம் நாள் 1760 கிராமுடன் வீடு சென்றாள். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகள் தொடர்ந்தன. கணக்கிட்ட பிரசவ நாளான 40 வார வயதில் எடை 2400 கிராம். அந்த நாளிலிருந்து எண்ணும் திருத்திய வயது ஆறு மாதத்தில் எடை 6.1 கிலோ, தலை வளர்ச்சி, பார்வை, கேட்கும் திறன், கை கால் அசைவுகள் அனைத்தும் வயதுக்கேற்ப இருந்தன.

தாயின் இரத்த அழுத்தம் ஆறு வாரத்துக்குள் மருந்தின்றி இயல்புக்கு வந்தது. ஹீமோகுளோபின் 11.4. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து நீண்டகாலக் கருத்தடை முறையைத் தேர்ந்தெடுத்தனர்.

மாற வேண்டியவை

தாயின் எடையும் கருப்பையின் உயரமும் அந்தந்த நாளின் பக்கத்தில் எண்ணாக எழுதப்படாமல், ஒரே வரைபடத்தில் புள்ளியாக வைக்கப்பட வேண்டும். 28ஆவது வாரத்து 26 செ.மீ. ஒரு பக்கத்தில் தனியாகப் பார்க்கப்பட்டபோது ஏற்கத்தக்கதாக இருந்தது; மந்தமான எடைக் கோட்டின் அருகே அதே புள்ளி இருந்திருந்தால் அன்றே வளர்ச்சி ஸ்கேன் கேட்கப்பட்டிருக்கும். அந்த நான்கு வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் இரத்தசோகைச் சிகிச்சையும் கண்காணிப்பும் முன்பே தொடங்கியிருக்கும். பிறப்பு எடை பெரிதும் மாறியிருக்கும் என்று நாங்கள் கூறமாட்டோம். நஞ்சுக்கொடியின் அடிப்படை அமைப்பு கர்ப்பத்தின் முற்பாதியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அதனால்தான் முதல் பரிசோதனை நாளுக்கு அதிக முக்கியத்துவம் கொடுக்கிறோம். முதல் குழந்தை 39 வாரத்தில் 2400 கிராம் என்பது முந்தைய பிரசவக் கட்டத்தில் "சுகப்பிரசவம்" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நாள் நிறைந்து பிறந்த குழந்தையின் எடைக் குறைவு, அடுத்த கர்ப்பத்திலும் அது நிகழக்கூடும் என்பதற்கான வலுவான முன்னறிகுறிகளுள் ஒன்று. அந்த எடையும், குறுகிய இடைவெளியும், 17.8 என்ற குறியீட்டெண்ணும் 15ஆவது வாரத்தில் சேர்த்துப் பார்க்கப்பட்டிருந்தால், 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும், நஞ்சுக்கொடிக் கோளாறைத் தடுக்கக் கொடுக்கப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிப் பேச அந்த ஒரு வாரம் இருந்தது. அடுத்த கர்ப்பம் ஏற்பட்டால் அதை 12ஆவது வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இவர் வீடு திரும்பும்போது கொடுத்த மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளது.

மாத்திரை கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியின் இடத்தில், எத்தனை மாத்திரை மீதம் உள்ளது, ஏன் என்ற கேள்வி வர வேண்டும். புகைப்பழக்கக் கட்டம் வீட்டிலுள்ள அனைவரையும் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் பதிவுப் படிவத்தில் இவ்விரண்டும் இப்போது மாற்றப்பட்டுவிட்டன. பரிசோதனைக்கு வராத கர்ப்பிணியை அதே வாரத்தில் தொலைபேசியில் அழைப்பதும் தொடங்கியிருக்கிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை ஆலோசனையை, குழந்தையின் தடுப்பூசி நாட்களோடு இணைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். முதல் குழந்தையின் தடுப்பூசிகள் அனைத்துக்கும் இந்தத் தாய் தவறாமல் வந்திருந்தார் என்பதைக் குழந்தையின் அட்டை காட்டுகிறது. அந்த வருகைகளில் அவரது உடல்நிலையையோ அடுத்த கர்ப்பத்தையோ பற்றிய பதிவு ஏதுமில்லை. வேலையிடத்துக்கான கடிதம் 32ஆவது வாரத்தில் எங்களிடமிருந்து போனது. நின்றபடி செய்யும் வேலை என்பது 15ஆவது வாரத்திலேயே பதிவேட்டில் இருந்ததால், இனி அந்தக் கடிதம் முதல் பரிசோதனை நாளிலேயே கொடுக்கப்படும்.